மூன்றே நாளில் நிறைந்த மணிகள்

பாக் லியூ பக்கம் ஒரு கால்வாயின் கடைமுனையில் இருப்பது தியெப்பின் இறால் குளம். மேலே பதினோரு குளங்கள் கழித்துவிடும் தண்ணீர்தான் அவள் மதகுக்கு வரும். வாழ்க்கைப்பட்டு வந்த இருபத்திரண்டு வருடத்தில் நெல் போட்டாள், வாத்து வளர்த்தாள், நிலத்தில் உப்பேறியதும் இறாலுக்கு மாறினாள். எடுத்த காரியத்தைப் பாதியில் விடுவது அவள் சாதகத்திலேயே கிடையாது.

அப்படிப்பட்டவளின் இறாலைக் கொள்முதல் ஆள் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டான். சோதனையில் ஆன்டிபயாடிக் மருந்து தெரிந்ததாம். அவள் குளத்தில் ஒரு சொட்டு மருந்து ஊற்றியதில்லை. யார் கேட்டார்கள்? மூன்றாவது தடவையும் தெரிந்தால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவதாகச் சொல்லிப் போனான்.

தண்ணீரிலிருந்து மருந்தைப் பிரிக்கும் ஆராய்ச்சிக்காகக் கான் தோ பல்கலைக்கழகத்திலிருந்து குயென் என்ற பெண் வந்தாள். ஜவ்வரிசி மாதிரி பாலிமர் மணிகள் நிரம்பிய பைகளை மதகில் கட்டினாள். ஒவ்வொரு மணியிலும் அந்த மருந்துக்கென்றே அளவெடுத்துச் செய்த குழிகள். மருந்து போய் உட்கார்ந்துகொள்ளும், தண்ணீர் தப்பி வரும். குழிகள் நிறைந்தால் சாராயத்தில் கழுவி மறுபடி கட்ட வேண்டும். கழுவிய சாராயத்தைக் கால்வாயில் ஊற்றிவிடக் கூடாது. அதைத் தான் எடுத்துப் போவதாகச் சொன்னாள்.

"எட்டு நாள் தாங்கும் அக்கா," என்றாள் குயென்.

மூன்றாம் நாளே, குயென் கொடுத்த சோதனைக் காகிதத்தைத் தியெப் தண்ணீரில் நனைத்தால் மருந்து காட்டியது. கழுவிக் கட்டினாள். மறுபடி மூன்றே நாள். மேலே யாரோ குடம் குடமாக ஊற்றுகிறார்கள். யாரென்று தேட வேண்டியதில்லை. மேலே ஒட்டியிருக்கும் குளம் கணவனின் அண்ணன் லோயுடையது; அவர் கொட்டகையில் மருந்து டப்பாக்கள் காலியாவதை அவளே பார்த்திருக்கிறாள்.

"அண்ணன்கிட்ட நான் எப்படிடி கேக்கறது?" என்றான் கணவன் ஹாவ்.

"நீ கேக்க வேணாம். உக்காந்து சாப்புடு, போதும்."

அந்த வாரம் மாமனார் திதி. கடைசி மகன் ஹாவின் வீட்டில்தான் படையல். பாயில் ஆண்கள் வட்டமாக உட்கார, ஒரே சாராயக் கோப்பை கைமாறிச் சுற்றியது. லோயின் முறை வந்தபோது தியெப் கோப்பையை வாங்கி, வேறு போத்தலிலிருந்து ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

லோய் முகர்ந்து பார்த்தார். "என்னம்மா இது, மண் வாடை அடிக்குது?"

"உங்க குளத்து மருந்து மாமா. மூணு நாள்ல மணிங்க புடிச்சது. சாராயத்துல கழுவி எடுத்திருக்கேன். ஊரு புள்ளைங்க திங்கிற இறாலுக்கு ஊத்தலாம்னா, நீங்களும் ஒரு வாய் குடிக்கலாமே."

லோய் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"போடலன்னா என் இறாலு செத்து மிதக்கும், தியெப்பு."

"போட்டா என்னுது குப்பைக்குப் போவுது. போன வருசம் உங்க தம்பி கால் புண்ணு நாலு மாசம் ஆறல. ஒரு மாத்திரையும் கேக்கல, கிருமி மருந்துக்கெல்லாம் பழகிப்போச்சுன்னாங்க. காலையே எடுக்கணும்னாங்க. அப்ப ஆஸ்பத்திரியில நீங்களும்தான் உக்காந்திருந்தீங்க."

லோய் தம்பியின் காலைப் பார்த்தார். கோப்பையில் வாய் வைக்காமல் எழுந்து போய்விட்டார். திதிச் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்த மனிதரின் கிண்ணத்தைத் தியெப் மூடி எடுத்து வைத்தாள். ஆனாலும் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

மணிகளைக் கழுவிக் கட்டினாள். மூன்றாம் நாள் காகிதம் சுத்தம். ஐந்தாம் நாளும் சுத்தம். எட்டாம் நாளும் அப்படியே. அடுத்த மாதம் கொள்முதல் ஆள் வந்து சோதித்தான், கையெழுத்துப் போட்டு இறாலை ஏற்றிக்கொண்டான்.

அவன் வண்டி நகர்வதற்குள் ஹாவ் கரையோரமாக ஓடி வந்தான். "அண்ணன் குளத்துல நோய் விழுந்துடுச்சு. பூரா மிதக்குது."

தியெப் கூடையை எடுத்துக்கொண்டு நேராக அங்கே போனாள். லோய் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று செத்த இறாலை வாரிக்கொண்டிருந்தார். மருந்து டப்பாக்கள் கொட்டகையில் மூடி திறக்காமல் அடுக்கியிருந்தன. அவள் அவற்றைப் பார்த்தாள். தண்ணீரில் இறங்கிப் பக்கத்தில் நின்று வாரினாள். மதியம்வரை இருவரும் வாரினார்கள்.

"உன்னுது எடுத்துக்கிட்டானா?" என்று அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"எடுத்துக்கிட்டான், மாமா."

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு அடுத்த கூடையை வாங்கினார்.