கயிறு அறுந்த பிறகும்

நான் பூந்தமல்லி லாரி ஷெட்டில் எடுபிடியாக இருந்தபோது, கரடி வித்தைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து தங்கினார். அவருடைய கரடி கிழடாகிவிட்டது.

“நாளிக்கு மருந்துக்கு கரடிப் பித்தம் வாங்குறவன் வர்றான் நைனா. கொன்னு எடுத்துக்குவான்,” என்றார்.

“உனக்கு சோறு போட்ட கரடியாச்சே அண்ணாத்தே?”

“இப்ப அதுக்குப் போட எங்கிட்ட இன்னா கீது?”

மனம் கேட்கவில்லை. வனத்துறையில் போய்ச் சொன்னேன். காலையில் வந்தவர்கள் கரடியின் மூக்குக் கயிற்றை அறுத்தார்கள். அது ஓடவில்லை. பின்னங்கால்களில் எழுந்து, நடுங்கியபடி எங்கள் ஒவ்வொருவருக்கும் சலாம் வைத்தது. யாரும் சிரிக்கவில்லை. கூண்டு வண்டி தெருமுனை திரும்பும்வரை, கம்பிகளுக்குள் அந்தக் கை நெற்றிக்குப் போய்க்கொண்டே இருந்தது.

அதன்பின் எந்த முதலாளி முன்னாலும் சலாம் வைக்கத் தூக்கும் என் கை பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் சில வேலைகள் போயின.