தேங்காய் உடையும் வரை

பெரியபிள்ளையான என் மகளின் சாமத்தியச் சடங்கன்று அப்பா வரவில்லை. கரவெட்டியில் அவரோடு இருக்கும் அண்ணை மட்டும் பட்டு வேட்டியில் வந்து இறங்கினார்.

"அப்பா எங்கை?"

"களைப்பெண்டு படுத்திட்டார். நீ உன்ரை அலுவலைப் பார்."

பார்த்தேன். தாய்மாமன் தேங்காய் உடைத்த பிறகுதான் பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பது எங்கள் வழக்கம். அண்ணை ஒரே அடியில் உடைத்தார். எல்லாரும் மெச்சினார்கள். மத்தியானச் சாப்பாடு முடித்து வீட்டுக்குப் போனவர் அங்கிருந்து போன் எடுத்தார். அப்பாவுக்கு வலது கை விழுந்துவிட்டதாம், பேச்சும் இல்லையாம். சடங்குச் சேலையோடேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"இப்பத்தான் டொக்டர், என்ரை கண்ணுக்கு முன்னாலை விழுந்தவர்," என்று அண்ணை வாய் கூசாமல் சொன்னார். நேரத்தோடு வந்தால் மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி இருக்கிறதாம். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அப்பாவின் சாரத்தில் சிறுநீர் காய்ந்து கறையாகியிருந்ததை அந்த டொக்டர்ப் பிள்ளை கவனித்துவிட்டாள். எம்.ஆர்.ஐ எடுக்க அனுப்பினாள்.

பிறகு என்னைக் கூப்பிட்டு இரண்டு படங்களைக் காட்டினாள்.

"மூளைக்கு ரத்தம் போகாட்டி இந்தப் படத்திலை உடனை வெள்ளையாத் தெரியும் அக்கா. மற்றதிலை தெரியக் கன மணித்தியாலம் செல்லும். இவருக்கு ரெண்டிலையும் தெரியுது, அப்ப விழுந்து கன நேரம். இப்ப ஊசி போட்டால் மூளைக்குள்ளை ரத்தம் கசியும்."

வெளியே வாங்கில் குந்தியிருந்த அண்ணையிடம் போனேன்.

"விடியவே கை தூக்கேலாமல்தான் கிடந்தவர்," என்றார் நிலத்தைப் பார்த்தபடி. "சொல்லியிருந்தால் ஆர் தேங்காய் உடைக்கிறது? கனடாவிலையிருந்தும் சனம் வந்து நிக்குது. உன்ரை பிள்ளைக்காகத்தான் செய்தனான்."

என் பிள்ளைக்காகவாம்! அப்பாவை மூத்திரத்தில் கிடத்திவிட்டு வந்து என் வீட்டில் பாயாசம் குடித்த மனிதன், பழியையும் என் பிள்ளையின் தலையில் வைத்தார். கூடப்பிறந்தவர் என்றுதான் அவர் சொன்னதை நம்பினேன்.

அப்பா இப்போது என்னோடு கொழும்புத்துறையில் இருக்கிறார். பேச்சில் அவருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல், எதைக் கேட்டாலும் அதுதான். ஒருநாள் சோறு தீத்தும்போது மனம் பொறுக்காமல் கேட்டேன்.

"அண்டைக்கு அண்ணை உங்களை அப்பிடியே விட்டிட்டோ வந்தவர்?"

"ஓம்," என்றார்.

"என்னைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டனீங்களோ அப்பா?"

"ஓம்."

சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொன்றும் கேட்டேன்.

"அண்ணை நல்லவரோ?"

அப்பா என் முகத்தையே பார்த்து, அதே குரலில், "ஓம்" என்றார்.