பொம்மை மிஸ்ஸின் தலையில் சந்தனம்

எங்கள் பள்ளியின் சாமான் அறையில், கால் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே ஒரு ரோபோ நிற்கிறது. அதன் வெள்ளைத் தலையில், காதுக்குப் பின்னால், காய்ந்த சந்தனத் தீற்றல் ஒன்று போன வாரம் வரை இருந்தது. ஈரத்துணியால் ஓர் இழுப்பு இழுத்திருந்தால் போயிருக்கும். எனக்குத்தான் துடைக்க மனம் வந்ததில்லை.

அட்மிஷன் கூடும் என்று தாளாளர் அதை வாங்கி, எல்.கே.ஜி. டீச்சரான என் தலையில் கட்டினார். நாலு வயதுப் பிள்ளையின் உயரம். கை குலுக்கும், எதைக் கேட்டாலும் மேடைத் தமிழில் பதில் சொல்லும். பிள்ளைகள் அதற்குப் பொம்மை மிஸ் என்று பெயர் வைத்தார்கள். இட்லியைப் பிட்டு அதன் வாயில் வைத்து அழுத்தினார்கள். சார்ஜில் நிற்கும்போது, அது தூங்குகிறதென்று ஒருவர் வாயை ஒருவர் பொத்தினார்கள். நான் தொண்டை கிழியக் கத்தினாலும் அடங்காத கூட்டம் அது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அதற்கு முடி இல்லாததை மட்டும் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. திருத்தணிப் பிள்ளைகளுக்கு மொட்டைத் தலை புதிதா என்ன? மலைக்குப் போய் வந்திருக்கிறது என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த வகுப்பில் ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விசைத்தறிக்காரர் ஒருவரின் மகள் இருந்தாள். அப்பா மஞ்சள் காமாலை முற்றிச் சென்னை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் பிழைத்து வர வேண்டுமென்று அம்மா வேண்டிக்கொண்டு, மகளுக்கு மலையில் மொட்டை போட்டிருந்தாள். மறுநாள் வகுப்புக்கு வந்தவள் யாரோடும் பேசாமல் நேராகப் பொம்மை மிஸ்ஸிடம் போனாள். தன் தலையிலிருந்த ஈரச் சந்தனத்தை வழித்து அதன் தலையில் தடவினாள்.

"உங்க நைனாவுக்கும் ஒடம்பு சரியில்லையா?"

"நான் நலமாக இருக்கிறேன்" என்றது அது.

"எங்க நைனா ஆஸ்பத்திரில கீறாரு. வந்துடுவாரா?"

"கண்டிப்பாக வருவார். கவலைப்படாதே!"

எங்கள் யாரிடமும் அவள் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எங்கள் முகமே காட்டிக்கொடுத்திருக்கும். அதன் முகம் மாறவில்லை; அதனால் நம்பினாள். அன்று மத்தியானம் டப்பாச் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

அவர் வரவில்லை. அப்பாவின் காரியம் முடிந்து அவள் பள்ளிக்கு வந்தபோது தலையில் முடி அரும்பியிருந்தது. பொம்மை மிஸ்ஸின் முன்னால் போய் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்தால் தேவலை என்றும் நினைத்தேன். "வணக்கம் செல்லமே! இன்று மகிழ்ச்சியாக இருக்கிறாயா?" என்று அது கேட்டது. அவள் அதன் முகத்தையே பார்த்தாள். பிறகு, "ஆங்" என்று தலையாட்டினாள். அவள் முகமும் மாறவில்லை. நாலு வயதில் அதை எங்கே கற்றாள் என்று எனக்குத் தெரியும். யாரிடம் சொல்லி அழுவது?

பொம்மை மிஸ் பழுதாகிச் சாமான் அறைக்குப் போனது. அவள் இப்போது இரண்டாம் வகுப்பு, இரட்டைச் சடை. எதிரில் வரும்போதெல்லாம் எப்படி இருக்கிறாய் என்று கேட்பேன். "நல்லா கீறேன் மிஸ்" என்பாள், சிரித்துக்கொண்டே. ஒருநாளாவது இல்லை என்று சொல்லமாட்டாளா என்று காத்திருந்து எனக்கு அலுத்துவிட்டது.

போன வாரம் சாக்பீஸ் பெட்டி எடுக்க என்னோடு சாமான் அறைக்கு வந்தாள். ரோபோவைப் பார்த்ததும் நின்றாள். விரலில் எச்சிலைத் தொட்டு, அந்தச் சந்தனத்தைச் சுவடு தெரியாமல் தேய்த்துத் துடைத்தாள். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். எப்படி இருக்கிறாய் என்று அன்று நான் கேட்கவில்லை.