கோபக்காரர் இருவர் சொன்ன வரலாறு

செவ்வாய்க்கிழமை காலை கனடாவின் பிக்கரிங் நகரில் ரயிலுக்காக நின்றபோது சவிரிமுத்து அண்ணையின் மகள் அழைத்தாள். “அப்பா போயிட்டார் அக்கா” என்று அழுதவள், தொடர்ந்து, “அப்பான்ரை புத்தகத்தின்ரை அந்தப் பக்கம் உங்களிட்டைத்தானே இருக்கு? இனி அதை எடுத்துவிடுங்கோவன்” என்றாள்.

தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியபடியே, இலங்கையில், மன்னாரில் நாம் விட்டுவந்த ஊரின் வரலாற்றை இருபது வருடங்களாக எழுதியவர் அண்ணை. அவர் சொல்ல, நான் தட்டச்சு செய்தேன். “சிநேகிதர் ரெண்டு பேர் சொன்னா அது கதை. ஒருத்தரோடை ஒருத்தர் கதையாத கோபக்காரர் ரெண்டு பேர் ஒண்டையே சொன்னாத்தான் வரலாறு” என்பார். பக்கத்து நகரான அஜக்ஸில் ஒரே வீட்டில் இருந்தும் முகம் பாராத சகோதரர்களை, ஒருவரை மேல்மாடியிலும் மற்றவரை நிலக்கீழ் அறையிலும் இருத்தி, வலிக்கும் முழங்காலோடு ஏறி இறங்கி ஒரே கேள்வியை இருவரிடமும் கேட்டார். “லிஃப்ட் போடுங்கோடா, இல்லாட்டிச் சமாதானமாகுங்கோ” என்று இருவரையும் ஏசினார்.

கடைசி அத்தியாயம் அந்தோனியின் கொலை. போர்க்காலத்தில், ஆமிக்குக் காட்டிக்கொடுத்தவன் என்று சொல்லி அவனைக் கோயில் கொடிமரத்தில் கட்டி, ஊரே துடுப்பால் அடித்தது. துடுப்பு முறிந்ததும் இன்னொன்று வந்தது. தாடை உடைந்து பேச்சு நின்ற பிறகும், உண்மையைச் சொல்லு என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். அவன் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்பது பின்னர் தெரிந்தது.

முதல் அடி அடித்தவர் என்ற இடத்தில் அண்ணை என் அப்பாவின் பெயரைச் சொன்னார். என் விரல்கள் நின்றன.

“அப்பா செத்துப்போனார் அண்ணை. பேரை விடுங்கோ.”

“அந்தோனியும் செத்துத்தான் போனான். அடுத்த வரியை அடி பிள்ளை.”

அடுத்த வரி: கயிறு கட்டியவர், சவிரிமுத்து.

அதற்கு முந்திய வாரம் அவர் கன்னத்தில் கொப்புளங்களோடு வந்திருந்தார். ஸ்ரௌவ்வில் நகரில் இருக்கும் அந்தோனியின் மனைவியைத் தேடிப் போயிருக்கிறார். அந்த அம்மா கையிலிருந்த சுடுதேத்தண்ணியை அவர் முகத்தில் வீசினாராம். அண்ணை துடைக்காமல் நின்றார். பிறகுதான் அந்த அம்மா வாய் திறந்தார். அவர் சொன்னதும் அண்ணைக்குத் தெரிந்ததும் ஒன்றாயிருந்தன.

அண்ணை இறந்த செய்தி வந்ததிலிருந்து, ஊர்க்காரராகிய உங்களில் நான்கு பேர் அழைத்துவிட்டீர்கள். “நல்ல மனுசன்ரை பேரை ஏன் கெடுக்கிறியள்? உங்கடை அப்பாவுக்கும் நல்லதுதானே” என்றீர்கள். நேற்று அப்பாவின் பெயரை மட்டும் அழித்துப் பார்த்தேன். கயிறு கட்டியவர் தனியே நின்றார். அப்பாவின் பெயரைத் திரும்பவும் அடித்துச் சேர்த்தேன்.

அந்தப் பக்கம் இரண்டு பெயர்களோடும் இன்று காலை அச்சகத்துக்குப் போய்விட்டது. அண்ணை சரிபார்த்துத் தந்த தாளை நான் வைத்துக்கொண்டேன். அதில் தன் பெயரின் கீழ் மட்டும் அவர் கோடு கிழித்திருக்கிறார்.