தப்பக்கா சரியாகச் செய்த நாள்

அந்த மருத்துவக் கல்லூரியில் தப்பு செய்வதற்கென்றே வேலைக்கு வைத்திருந்த ஒரே ஆள் அவள்தான். மற்றவர்கள் எல்லாரும் தப்பைச் செய்துவிட்டு மூடி மறைக்கப் படாதபாடு படுவார்கள். இவள் ஆள் வந்து எதிரே உட்காரும்வரை காத்திருந்து, நிதானமாகச் செய்து காட்டுவாள். அதனால் ‘தப்பக்கா’ என்றே பேராகிவிட்டது.

முன்பு அந்தக் கல்லூரி ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் டெலிபோன் போர்டில் இருந்தவள். போர்டைத் தூக்கிவிட்டு இயந்திரக் குரலை வைத்ததும், பேராசிரியை அவளைக் கூப்பிட்டு இந்த வேலையைக் கொடுத்தார். மேற்படிப்பு டாக்டர்களுக்கு, தங்களுக்குக் கீழே வேலை பழக வரும் பிள்ளைகளிடம் குறைநிறை சொல்லத் தெரியவில்லை. ஒருத்தர் வள்ளென்று விழுவார். இன்னொருத்தர் வழவழா கொழகொழாவென்று பேசிவிட்டு முதுகில் தட்டி அனுப்புவார். இரண்டிலும் அந்தப் பிள்ளைக்கு ஒரு மண்ணும் விளங்காது. அதனால் டாக்டர்களுக்கு ஒரு பயிற்சி, முடிவில் ஒரு பரீட்சை. பரீட்சையில் பழகவந்த பிள்ளை வேஷம் நாற்பத்தெட்டு வயது தப்பக்காவுக்கு.

ரப்பரால் செய்த ஒரு கை மேசையில் இருக்கும். அதில் அவள் ரத்தம் எடுக்க வேண்டும். மேலே கட்டிய பட்டையை அவிழ்த்துவிட்டுத்தான் ஊசியை உருவ வேண்டும் என்பது முறை. இவள் அவிழ்க்காமலே உருவுவாள். சிவப்புத் தண்ணீர் பீச்சியடிக்கும். பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஐந்து நிமிஷத்தில் அதை அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பேராசிரியை பக்கத்து அறையில் திரையைப் பார்த்து மார்க் போடுவார். கேமரா இருவர் முகத்தையும் காட்டும்; கை அதில் விழாது. சொல்கிற விதம்தானே பரீட்சை, கையை எதற்குப் பார்ப்பது?

“இன்னைக்கு எத்தனை பேர் புத்தி சொன்னாங்க?” என்று வாரத்தில் பரீட்சை நடக்கும் நாளில் வீட்டுக்காரர் சாயந்தரம் கேட்பார்.

“எட்டு பேர்.”

“அடேங்கப்பா! நான் ஒரு வார்த்தை சொன்னா மட்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிற.”

“அவங்க மரியாதையா சொல்றாங்க” என்பாள். மூன்று வருஷமாக இதே பேச்சு.

அன்றைக்கும் எட்டுப் பேர். முதல் ஏழு பேரும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி முடித்துவிட்டுப் போனார்கள். “ஊசியை நல்லா பிடிச்சீங்க. ஆனா பட்டையை அவிழ்க்காம உருவிட்டீங்க, கவனிச்சீங்களா? அடுத்த தடவை முதல்ல பட்டை, அப்புறம் ஊசி.” ஏழு பேர் வாயிலும் கிட்டத்தட்ட ஒரே வாசகம். இவளும் வழக்கம்போலத் தலையைத் தலையை ஆட்டினாள்.

எட்டாவதாக வந்தவர் கண்ணாடிக்காரர். ஒல்லி உடம்பு, கழுத்தெல்லாம் வேர்வை. பாவம், இந்தப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டைவிட்டவர். இந்தத் தடவையும் போனால் ஆறு மாசப் பயிற்சியைத் திரும்பச் செய்ய வேண்டும். அதுவரை அவர் கையில் ஒரு பிள்ளையைக்கூட ஒப்படைக்க மாட்டார்கள். இது தப்பக்காவுக்கும் தெரியும். இந்தத் தடவையாவது தேறட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டுதான் ஊசியைக் குத்தினாள். எடுத்து முடித்துப் பஞ்சை வைத்து அழுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவர் ரப்பர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“நீங்க… சரியாத்தானே பண்ணீங்க?”

இதென்னடா கூத்து என்று அவளுக்குத் திகைப்பாகிவிட்டது. ஆனால் வேஷத்தில் இருக்கிறாளே! செய்த தப்பு தனக்கே தெரியாத பிள்ளை என்றுதான் அவளுக்குக் கொடுத்த தாளில் இருந்தது. “தெரியலையே டாக்டர்” என்றாள்.

“எனக்கும் தெரியல. நல்லாத்தான் பண்ணீங்க. குறைன்னு சொல்ல…” மேலும் கீழும் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார். ஐந்து நிமிஷம் ஒரு யுகமாகப் போய், மணி அடித்தது. அவர் எழுந்து போனபோது நாற்காலி காலில் இடறியது.

“கண்ணெதிர நடந்த தப்பைக் கண்டுபிடிக்கத் தெரியலையே” என்று பேராசிரியை பக்கத்து அறையில் யாரிடமோ சொன்னது இவள் காதில் விழுந்தது. சரி, போச்சு.

தப்பக்காவுக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் செய்தேனா, செய்யவில்லையா? உருவும்போது பட்டை இருந்ததா? யோசித்து யோசித்துப் பார்த்தாள். ம்ஹும். அவள் கண் எப்போதும் எதிரே இருப்பவர் முகத்தில்தான்; கை என்ன செய்தது என்று கைக்குத்தான் தெரியும்போல. ஏழு டாக்டர்கள் தப்பு என்றார்கள், ஒருத்தர் சரி என்றார். ஏழு பேருக்குமா கண் அவிந்துபோயிருக்கும்?

குழப்பத்தோடே மேசையை ஒதுக்க ஆரம்பித்தாள். ரப்பர் கைக்கு அடியில் விரித்த வெள்ளைத் துணியை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எப்போதும் பரீட்சை முடியும்போது அது சிவப்பில் ஊறிக் கிடக்கும். அலசி அலசி விரல் வெந்துபோகும். இன்றைக்கு ஒரு பொட்டு ஈரம் இல்லை. அதாவது காலையிலிருந்து ஒரு தடவைகூடத் தப்பு செய்யவில்லை! எட்டு தடவையும் பட்டையை அவிழ்த்துவிட்டுத்தான் உருவியிருக்கிறாள். அந்த ஏழு பேர்? முந்தின வருஷத்து ஆட்களிடம் தப்பு இன்னதென்று கேட்டுக்கொண்டு, பாடம் பண்ணி வந்து ஒப்பித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அட கண்றாவியே!

சொன்னால் வேலை போகுமோ? தப்பு செய்யத் தெரியாத தப்பக்காவை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? சொல்லாவிட்டால் அந்த மனுஷனுக்கு ஆறு மாசம். துணியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். கண்ணாடிக்காரர் அங்கே தலையைக் குனிந்தபடி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“மேடம், நான் தப்பா பண்ண மறந்துட்டேன்” என்றாள்.

“என்ன?”

துணியை மேசைமேல் விரித்தாள். பேராசிரியை அதைத் திருப்பிப் பார்த்தார், தடவிப் பார்த்தார். நாள் முழுக்கத் தான் மார்க் போட்ட தாள்களைப் பார்த்தார். அவர் முகம் அப்படிக் குழம்பி தப்பக்கா பார்த்ததே இல்லை.

“சரியா பண்ணினதைப் பார்த்தீங்கல்ல? அப்புறம் ஏன் அழுத்திச் சொல்லல?” என்று கண்ணாடிக்காரரிடம் கேட்டார்.

“நான் உள்ள வர்றதுக்கு முன்னாடியே, வெளிய நின்ன ஏழு பேரும் தப்புன்னாங்க மேடம். என் கண்ணுலதான் கோளாறுன்னு நினைச்சேன்.”

பேராசிரியை அவருடைய தாளை வாங்கி, போட்டிருந்த மார்க்கை அடித்துவிட்டு வேறு எழுதினார். மற்ற ஏழு தாள்களையும் தனியாக எடுத்துவைத்து, “இவங்களை எல்லாம் திரும்ப வரச் சொல்லணும்” என்றார். கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தோடு தப்பக்கா பக்கம் திரும்பினார்.

“அக்கா, அவ்வளவு சுத்தமா எடுக்க உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?”

தப்பக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

“நீங்கல்லாம்தான். மூணு வருஷமா வாரத்துக்கு எட்டு பேர், முதல்ல பட்டை, அப்புறம் ஊசின்னு அவ்வளவு பொறுமையா சொல்றீங்க. எத்தனை நாளைக்குத்தான் மண்டையில ஏறாம இருக்கும்?”