என் வயிற்றுக் காற்று எங்கிருந்து வந்தது

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு கடையின் மாடியறையில் நானும் அலுவலக நண்பன் ஒருவனும் தங்கியிருந்தோம். அவன் மைசூரிலேயே வளர்ந்த ரயில்வே குடும்பத்துப் பையன். நான் ஹனூர்ப் பக்கத்து விவசாய வீடு; எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். நான் அங்கே வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஒரு காலை அவன் தலையணையால் மூக்கை மூடிக்கொண்டு சொன்னான்:

“குரு, உனக்குப் பதினஞ்சு நாள் டைம். இவ்ளோ கேஸ் ஏன் வருதுன்னு கண்டுபிடி. இல்லேன்னா வேற ரூம் பாரு.”

“ஊருல இப்பிடி இருந்ததில்லப்பா.”

“ஊர்ல நீ காட்டுல நின்னுட்டிருப்ப. யாருக்குத் தெரியும்?”

நியாயமான சந்தேகம்தான். அலுவலகத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வேறு அறை கிடைக்காது. படித்தவன்தானே, முறையாகவே பார்ப்போம் என்று ஒரு நோட்டுப் போட்டேன்.

முதல் சந்தேகம் மொச்சைமேல். பருவம் அது, மெஸ்ஸில் உப்புமாவிலும் அதுதான், சாம்பாரிலும் அதுதான். நான்கு நாள் தொடவில்லை. குறைந்தது, நிற்கவில்லை. அடுத்து பாலை நிறுத்தினேன். வித்தியாசமே இல்லை. ஒன்பதாம் நாள் டாக்டரிடம் நோட்டை நீட்டினேன். அவர் புரட்டிவிட்டு, “எத்தனை நிமிஷத்துல சாப்பிடுவீங்க?” என்றார். அது நோட்டில் இல்லை.

மறுநாள் மெஸ்ஸில் நண்பன் கைப்பேசியில் நேரம் பார்த்தான். மூன்று சப்பாத்தி, நான்கு நிமிடம்.

“நீ மெல்லவே இல்ல குரு. அப்டியே உள்ள போகுது.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் ராகிக் களி. உருட்டி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும், சிரிப்பார்கள். மைசூருக்கு வந்தும் சப்பாத்தி, சோறு, மொச்சை எல்லாவற்றையும் களியாகவே நடத்தியிருக்கிறேன்.

மறுபடி போய் இதைச் சொன்னதும் டாக்டர் தலையாட்டினார். “அவசரமா முழுங்கினா கூடவே காத்தும் போகும். மொச்சையில செரிக்காத மிச்சத்தப் பெருங்குடல்ல இருக்கற கிருமிங்க தின்னு கேஸாக்கும். உங்களுக்கு ரெண்டும் சேர்ந்திருக்கு.”

எனக்குத் தெரியாமல் என் வயிற்றுக்குள் இத்தனை பேர் பந்தியில் உட்கார்ந்திருப்பது அன்று முழுக்க ஆச்சரியமாகவே இருந்தது. மென்று தின்னத் தொடங்கினேன். முதல் இரண்டு நாள் தாடை வலித்தது. சப்பாத்தியை நிறைய நேரம் மென்றால் இனிக்கும் என்பது இருபத்து மூன்று வயதில் எனக்குத் தெரியவந்தது.

பதினைந்தாம் நாள் காலை அவன் கேட்டான். “போச்சா?”

“பாதி போச்சு.”

“மீதி?”

“அது எல்லாருக்கும் இருக்குமாம்ப்பா. உனக்குங்கூட. டாக்டரே சொன்னாரு.”

அவன் கொஞ்சம் யோசித்தான். “சரி, இரு. ஆனா கட்டில மாத்திக்கலாம். ஜன்னல் பக்கம் நீ படு.”