ஓடட்டும் என்று விட்ட மாடிக்காரம்மா

நாத்தனார் வாயால் பாராட்டு வாங்குவது லேசுப்பட்ட காரியமில்லை. அதிலும் என் வாய் எப்படிப்பட்டது என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாயால்தான் என் தம்பி பெண்டாட்டியைப் பற்றிச் சொல்லப்போகிறேன். முதலில் கொஞ்சம் திட்டுவேன். திட்டாமல் அவளைப் பற்றிப் பேச எனக்கு வராது.

அவள் டவர் கிரேன் ஓட்டுகிறாள். கட்டட வேலை நடக்கும் இடங்களில் அவளுக்கு மாடிக்காரம்மா என்று பெயர். எத்தனை மாடி கட்டினாலும் அத்தனைக்கும் மேலே அவள்தானே உட்கார்ந்திருக்கிறாள்! காலையில் ஏணியில் ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் நுழைந்தால் வேலை முடிந்துதான் இறங்குவாள். கம்பிக்கட்டோ, செங்கல்லோ, காங்கிரீட் வாளியோ, கீழே கட்டிக் கொடுப்பதைத் தூக்கி, கேட்ட இடத்தில் அலுங்காமல் குலுங்காமல் வைப்பாள். அவள் கைக்குக் கீழே நிற்க யாரும் பயந்ததில்லை. ஆனால் சரியான கல்லுளிமங்கி. நான் நாலு கேள்வி கேட்டால் ஒன்றுக்குப் பதில் வரும், அதுவும் அரை பதில். என் தம்பியோ சலூன் வைத்திருப்பவன். கத்தரிக்கோல் ஓய்ந்தாலும் அவன் வாய் ஓயாது. இரண்டையும் ஒரே வீட்டில் எப்படிச் சேர்த்து வைத்தார்களோ, நன்றாகத்தான் குடித்தனம் நடந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டு ஒரு பெரிய விஷயத்தையே மறைத்து வைத்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்குச் சில நாள் நெஞ்சு தறிகெட்டு ஓடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வரும். கழுத்து துடிக்கும், கண் மங்கும், கை ஜில்லிட்டுப் போகும். அதை நிறுத்த அவளே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். வாயை இறுக மூடி, மூச்சை அடக்கி, அடிவயிற்றை அழுத்தி முக்குவாள். பெரும்பாலும் சட்டென்று நின்றுவிடும். பழகிப் பழகி, நெஞ்சு ஓட ஆரம்பித்ததும் உடம்பே தானாக முக்க ஆரம்பித்துவிடும். கண்ணில் தூசி விழுந்தால் இமை மூடுவதில்லையா, அதுபோல.

அந்தக் கூண்டுக்குள்ளும் பலமுறை வந்திருக்கிறது. ஊரார் தலைக்கு மேலே டன் கணக்கில் சுமையைத் தொங்கவிட்டுக்கொண்டு இந்த மகராசி முக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்! இது தெரிய வந்த அன்று நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். கத்தியது சரிதான். இன்றைக்கும் அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

கம்பெனியில் வருஷா வருஷம் நடத்தும் உடம்புப் பரிசோதனையில்தான் குட்டு வெளிப்பட்டது. ஈசிஜி எடுக்கப் படுக்க வைத்திருந்தபோது நெஞ்சு ஓட ஆரம்பித்துவிட்டது. அவள் முக்கி நிறுத்தினாள். ஆனால் அதற்குள் காகிதத்தில் எல்லாம் பதிவாகிவிட்டது. அன்றைக்கே கூண்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, கீழே ஸ்டோரில் ஹெல்மெட்டும் கையுறையும் எடுத்துக் கொடுக்கும் வேலையில் போட்டுவிட்டார்கள். இதயத்தைச் சரிசெய்துகொண்டு வந்தால் மறுபடி மேலே. இல்லையென்றால் இனி ஸ்டோர்தான்.

அந்த நாட்களில் அவளைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் பக்கம் போய், தூரத்தில் தெரியும் கிரேனைப் பார்த்தபடி நிற்பாள். வேறு யாரோ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். "எப்படி ஆட்டுறான் பாருங்க அண்ணி" என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். அவள் வாயிலிருந்து நானாகக் கேட்காமல் வந்த முதல் புகார் அதுதான்.

இதயத் துடிப்புக் கோளாறுகளைப் பார்க்கும் டாக்டர் விளக்கிச் சொன்னார். அவள் இதயத்தில் மின்சாரம் போகும் சரியான பாதை ஒன்று இருக்கிறது. அதோடு பிறவியிலேயே ஒரு குறுக்குப் பாதையும் அமைந்துவிட்டது. சில நேரம் துடிப்பு அந்தக் குறுக்குப் பாதை வழியாகத் திரும்பி வந்து, செக்கு மாடு மாதிரி ஒரே வட்டத்தில் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. தொடை இடுக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாய்களை இதயத்துக்குள் கொண்டுபோய், அந்தப் பாதை எங்கே இருக்கிறது என்று தேடுவார்கள். கிடைத்ததும் குழாயின் நுனியில் ரேடியோ அலையைச் செலுத்திச் சூடாக்கி, அந்தத் துளி இடத்தை மட்டும் கருக்கிவிடுவார்கள். நெஞ்சைக் கிழிக்க வேண்டியதில்லை.

"ஆனா உங்களுக்கு அது ஓடும்போதுதான் இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். நாங்களே ஓட வைப்போம். நீங்க முழிச்சிட்டுதான் இருப்பீங்க, பயப்படக் கூடாது" என்றார் டாக்டர்.

"இடம் கிடைக்கலன்னா?" என்று கேட்டாள்.

"மாத்திரைதான். மாத்திரையோட கிரேன் ஓட்ட உங்க கம்பெனி ஒத்துக்க மாட்டாங்க."

என் தம்பிக்கு முகத்தில் ஈயாடவில்லை. அவள் "சரி சார்" என்றாள்.

உள்ளே நடந்ததை அவள் சொல்லியும், அங்கே திரைகளைப் பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் பெண் சொல்லியும் தெரிந்துகொண்டேன். மரத்துப்போக ஊசி போட்டு, குழாய்களை ஏற்றி, சின்னச் சின்ன மின்துடிப்பு கொடுத்து ஓட்டத்தைக் கிளப்பினார்கள். கிளம்பியது. டாக்டர் இடம் தேடத் தொடங்குவதற்குள் நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினார்கள். மறுபடி நின்றது. மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ஜோராகக் கிளம்பியது, அதே ஜோரில் நின்றது. டாக்டர் குழாயைச் சோதித்தார், கருவியைச் சோதித்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

டெக்னீஷியன் பெண்தான் திரையில் மூச்சைக் காட்டும் கோட்டைக் கவனித்தாள். ஒவ்வொரு முறையும் ஓட்டம் நிற்பதற்குக் கொஞ்சம் முன்னால் மூச்சும் நிற்கிறது. "அம்மா, நீங்க முக்குறீங்களா?"

"இல்லையே" என்றிருக்கிறாள் இவள். அடுத்த முறை கிளப்பியபோது தன் வயிற்றைத் தானே கவனித்தாள். கல்லாக இறுகியிருந்தது. வருஷக்கணக்கில் அவளைக் காப்பாற்றிய வித்தை, வைத்தியத்தையே கெடுத்துக்கொண்டிருந்தது.

"முக்காம இருங்கம்மா. ஓடட்டும்னு விடுங்க" என்றார் டாக்டர்.

கேட்பதற்கு என்னவோ சுலபமாக இருக்கிறது. நெஞ்சு தொண்டைக்கு வந்து இடிக்கும்போது, கையில் இருக்கும் ஒரே ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டுச் சும்மா படுத்திரு என்றால் யாரால் முடியும்? அவளும் முயன்றாள். இரண்டு முறை முடியவில்லை. "என்னால ஆகாதுபோல சார்" என்று அழுதேவிட்டாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை.

அந்த டெக்னீஷியன் பெண் ஒரு யோசனை சொன்னாள். "பேசிட்டே இருங்கம்மா. பேசுறப்ப யாராலயும் முக்க முடியாது. நிறுத்தாம பேசுங்க."

போயும் போயும் யாரைப் பேசச் சொல்கிறாள், பாருங்கள்!

"என்னத்தப் பேசுறது?"

"இது வர்றப்ப எப்படி இருக்கும்னு சொல்லுங்க."

ஓட்டத்தைக் கிளப்பினார்கள். அவள் பேச ஆரம்பித்தாள். "கழுத்துல அடிக்குது. கை ஜில்லுங்குது. ஒரு நாள் காங்கிரீட் வாளி தொங்கிட்டு இருக்கறப்ப வந்துச்சு. கீழ ஆளுங்க நின்னாங்க. முக்கினேன், நிக்கல. எனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், கை மட்டும் அசையக் கூடாதுன்னு நெனச்சேன். வாளிய எறக்கி வெச்சதுக்கப்புறம்தான் நின்னுச்சு. அப்புறம் மேலயே உக்காந்து அழுதேன். அங்க அழுதா யாருக்கும் தெரியாது. அன்னிக்கே வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடணும்னுதான் வீட்டுக்குப் போனேன். அவரு கடையில நடந்ததை எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிட்டு இருந்தாரு. எனக்காகத்தான் அத்தனையும் சேர்த்து வெச்சிட்டு வருவாரு. அதைக் கெடுக்க மனசு வரல. சொன்னா ஏற விடமாட்டாரு, அதுவும் தெரியும். எனக்கு வேற என்ன தெரியும், அந்த வேலை ஒண்ணுதான தெரியும்..."

"நின்னுடுச்சும்மா" என்றார் டாக்டர்.

அவள் திடுக்கிட்டாள். "நான் முக்கலயே சார்! சத்தியமா முக்கல!"

"தெரியும். நீங்க பேசிட்டே இருந்தீங்க. இடம் கிடைச்சிடுச்சு, நாங்கதான் கருக்கி நிறுத்தினோம்."

அப்புறமும் வெகுநேரம் விதவிதமாகக் கிளப்பிப் பார்த்தார்கள். வரவில்லை. திரும்ப வருவது அபூர்வம், வந்தாலும் மறுபடி செய்யலாம் என்றார் டாக்டர். இத்தனை வருஷமாக அவள் தனியாகவே அடக்கிக்கொண்டிருந்ததை முதல்முறையாக வேறு யாரோ நிறுத்திக் கொடுத்திருக்கிறார்கள். அந்த டாக்டரையும் அந்தப் பெண்ணையும் நான் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்கு அது சுலபத்தில் வரும் பழக்கமில்லை.

காலை மடக்காமல் படுத்திருக்கச் சொன்ன நேரத்தில், உள்ளே சொன்னதையெல்லாம் அவளே என் தம்பியிடம் திரும்பச் சொன்னாள். அவன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று மட்டும் கேட்டான்.

"சொல்லியிருந்தா ஏற விட்டிருப்பீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. "மாட்டேன்" என்றான்.

சில வாரங்களில் கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு, மேலே போகலாம் என்று அனுமதி கொடுத்தார். முதல் நாள் நாங்கள் இருவரும் அவளோடு போனோம். ஹெல்மெட் மாட்டி, கயிறு கட்டி, ஏணியில் ஒரு கால் வைத்தவள் நின்றுவிட்டாள். திரும்பி என் தம்பியைப் பார்த்தாள்.

"பயமா இருக்குங்க. மேல வெச்சு மறுபடி வந்துடுமோன்னு."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பயம் என்ற வார்த்தையை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. என் தம்பியைப் பார்த்தேன். வீட்டுக்கு வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் வந்துவிடுவாள். அது அவனுக்கும் தெரிந்திருந்தது. அவள் ஹெல்மெட் வாரை ஒருமுறை இழுத்துச் சரிபார்த்தான்.

"வந்தா கீழ சொல்லு, எறங்கி வந்துரு. இப்ப ஏறு" என்றான்.

அவள் ஏறினாள். அன்று அவன் கடை திறக்கவில்லை.